லைடன்: கார்டு, சைக்கிள், திங்கட்கிழமை

நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லைடன் நகருக்கு 15 முதல் 20 நிமிடம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து 35 நிமிடம், ஹேக்கிலிருந்து கால் மணி நேரம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே பலர் இந்த ஊரை 'மத்தியானம் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம்' என்ற கணக்கில் வைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. ஊர் சின்னதுதான், எங்கும் நடந்தே போகலாம். ஆனால் நெதர்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம், அதற்குள் ஒரு தாவரத் தோட்டம், நல்ல அருங்காட்சியகங்கள் அரை டஜன், இவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் கால்வாய்கள் எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஊரை மட்டும் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அருங்காட்சியகங்களையும் சேர்த்தால் இரண்டு நாள்.

முதல் கேள்வி, எந்தக் கிழமை போவது என்பது. திங்கட்கிழமையைத் தவிருங்கள். தொல்பொருள் அருங்காட்சியகம், டெ லாக்கன்ஹால் நகர அருங்காட்சியகம், டெ வால்க் காற்றாலை, அறிவியல் வரலாற்றுக்கான புர்ஹாவே அருங்காட்சியகம் எல்லாமே பொதுவாகத் திங்களன்று மூடியிருக்கும். பள்ளி விடுமுறை நாட்களில் சில திறக்கும். கடைகளும் அன்று காலையில் சோம்பேறித்தனமாகத்தான் கதவு திறக்கும். புதன், சனிக்கிழமைகளில் நியூவ ரைன் கால்வாயின் இரு கரையிலும் தெருச்சந்தை கூடும். வியாழனன்று கடைகள் இரவு 9 மணி வரை உண்டு. நல்ல நாள் சனி. கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் புதன்.

கார்டு

இங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. கையில் இருக்கும் வங்கி கார்டைக் கேட்டில் காட்டி உள்ளே போகலாம், இறங்கும் ஊரில் அதே கார்டைக் காட்டி வெளியே வரலாம். தூரத்துக்கு ஏற்ற முழுக் கட்டணம் தானாகக் கணக்கிலிருந்து கழியும். கேட்க எளிதாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

ஊரில் கிளம்பும் முன்பே வங்கியின் ஆப்பைத் திறந்து பாருங்கள். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் காண்டாக்ட்லெஸ் வசதியும் நாமாகக் கேட்டு இயக்கினால் ஒழிய வேலை செய்யாது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த பாதுகாப்பு விதி அது. இரண்டையும் தனித்தனியாக இயக்க வேண்டும். ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு வந்தால் கேட் திறக்காது. கார்டு விசாவாகவோ மாஸ்டர்கார்டாகவோ இருக்கட்டும், ரூபேயை நம்பி வராதீர்கள். ஓடிபி வரும் ஊர் எண் ரோமிங்கில் இயங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு கார்டு ஒரு ஆளுக்கு மட்டும்தான். கணவனும் மனைவியும் ஒரே கார்டை அடுத்தடுத்துக் காட்டினால், இரண்டாவது முறை காட்டியதை 'இவர் வெளியே போகிறார்' என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் ரயிலில் பரிசோதகர் வரும்போது இருவரிடமும் செல்லுபடியாகும் டிக்கெட் இருக்காது.

உள்ளே வரும்போது போனைக் காட்டினால் வெளியே போகும்போதும் போனைத்தான் காட்ட வேண்டும். போனுக்குள் இருப்பதும் பர்ஸில் இருப்பதும் ஒரே வங்கி கார்டாக இருந்தாலும், இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு கார்டுகள். ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கினால் முற்றுப்பெறாத இரண்டு பயணங்கள் பதிவாகி, இரண்டுக்கும் அபராதம் போலத் தொகை பிடிப்பார்கள். கேட் இல்லாத சின்ன நிலையங்களில் நடைமேடைக் கம்பத்தில் காட்ட மறந்துவிட்டாலும் இதே கதிதான். இந்தக் கார்டுக் கட்டண முறையை நடத்தும் ஓவிபே தளத்தில் போய்த் திருத்தம் கேட்டால் பணத்தை மீட்கலாம், ஆனால் அது வேண்டாத வேலை. பர்ஸை மொத்தமாக இயந்திரத்தில் வைக்காமல் ஒரு கார்டைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது உத்தமம். பஸ்ஸிலும் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர் கார்டைக் காட்டாதீர்கள். ரயில்ரன்னர் என்ற மலிவான நாள் டிக்கெட் இருக்கிறது. 4 வயதுக்குள் இலவசம்.

கடைகளிலும் கார்டுதான் ராஜா. 'பின் மட்டும்', அதாவது கார்டு மட்டும், என்று பலகை வைத்த கடையில் நோட்டை நீட்டினால் தலையாட்டி மறுத்துவிடுவார்கள். டெபிட் கார்டு மட்டும் வாங்கும் சின்னக் கடைகளும் இன்னும் இருக்கின்றன. அதனால் ஒரு டெபிட், ஒரு கிரெடிட், கைச்செலவுக்கு 20, 30 யூரோ சில்லறை என்று வைத்துக்கொண்டால் எங்கும் தடங்கல் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து நடை

லைடன் சென்ட்ரல் நிலையத்துக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் பெரிய மருத்துவமனை, மறுபக்கம் ஊர். 'சென்ட்ரும்' என்று எழுதிய பக்கம் வெளியே வாருங்கள். நாச்சுராலிஸ் இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் மட்டும் மருத்துவமனைப் பக்கம் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். அங்கே டிரிக்ஸ் என்ற டைரனோசரஸ் ரெக்ஸ் எலும்புக்கூடு இருக்கிறது. பிள்ளைகளோடு போனால் அரை நாள் அங்கேயே போய்விடும், தனியாக ஒதுக்குங்கள். திங்களன்றும் திறந்திருப்பதால் தேதி மாற்ற முடியாதவர்களுக்கு அதுதான் கை கொடுக்கும்.

ஊர்ப் பக்கம் வந்து ஸ்டேஷன் தெருவில் நேராக நடந்தால் ஐந்தாறு நிமிடத்தில் இடப்புறம் டெ வால்க் காற்றாலை உயர்ந்து நிற்கும். 1743-இல் கட்டிய ஏழு மாடிக் கோபுரம், உள்ளே ஏறலாம். மேலே போகப் போக ஏணி செங்குத்தாகும். மூட்டு வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுவது நல்லது. இறங்கும்போது முகத்தை ஏணியின் பக்கம் வைத்துப் பின்புறமாக இறங்குங்கள்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் பேஸ்டன்மார்க்ட், பெயரிலேயே மாட்டுச்சந்தை. இப்போது மாடு இல்லை, படகுதான். திறந்த படகில் ஒரு மணி நேரம் போல ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். பாலங்கள் அவ்வளவு தாழ்வு, ஓட்டுபவர் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிய வேண்டும். குளிர்காலத்தில் படகுகள் குறைவு.

அங்கிருந்து வலப்புறம் திரும்பினால் 1669-இல் கட்டிய மோர்ஸ்போர்ட் என்ற நகர வாயில். பழைய மதில் வாயில்களில் மிஞ்சியிருப்பது இரண்டே, இது ஒன்று, கிழக்கே ஸைல்போர்ட் மற்றொன்று. வாயிலைத் தாண்டாமல் நீரோரமாக நடந்தால் கால்கெவாட்டர். பின்னால் இன்னொரு காற்றாலை தெரியும். அது பழசுபோலத் தோன்றினாலும் 1980-களில் பழைய அமைப்பில் மறுபடி கட்டியது. ரெம்ப்ராண்ட் 1606-இல் பிறந்த தெரு எதிர்க்கரையில். வீடு இல்லை, அந்த இடத்தில் ஒரு சின்ன நினைவிடம்தான். வீட்டைத் தேடி அலையாதீர்கள்.

அடுத்து வருவது ராப்பன்பர்க். லைடனில் ஒரே ஒரு தெருவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது இந்தக் கால்வாய்த் தெருதான். 28-ஆம் எண் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம். நுழைவுக்கூடத்திலேயே டாஃபே கோயில் என்ற ஒரு முழு எகிப்தியக் கோயில் நிற்கிறது. அஸ்வான் அணையின் நீரில் மூழ்கவிருந்த நூபியச் சின்னங்களைக் காப்பாற்ற உதவியதற்கு நன்றியாக எகிப்து நெதர்லாந்துக்குக் கொடுத்தது.

அதே கால்வாயில் இன்னும் போனால் மறுகரையில் 73-ஆம் எண், பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். முன்பு கன்னியர் மடத்துத் தேவாலயம். இதற்குள் 'வியர்வை அறை' என்று ஒன்று உண்டு. பரீட்சை முடிவுக்காக மாணவர்கள் வியர்த்துக் காத்திருந்த அறை. பட்டம் பெற்றவர்கள் அதன் சுவரில் கையெழுத்துப் போடுவது வழக்கம், சுவர் முழுக்க எழுத்துமேல் எழுத்து. பட்டமளிப்பு நாட்களில் வாசலில் பூங்கொத்தோடு குடும்பங்கள் நிற்கும். அன்று உள்ளே போக முயலாதீர்கள்.

கட்டடத்துக்குப் பின்புறம் ஹோர்டுஸ் தாவரத் தோட்டம், 1590-இல் தொடங்கியது. குளூசியுஸ் என்ற தாவர அறிஞர் இங்கே நட்ட டுலிப் 1594-இல் பூத்தது. டச்சு டுலிப் கதை இந்தத் தோட்டத்தில்தான் வேர்விட்டது. அவருடைய தோட்டத்தின் மாதிரி ஒன்றை அதே பாத்தி அமைப்பில் வைத்திருக்கிறார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டால் கண்ணாடி வெப்பக் கூடங்களுக்குள் போய்விடுங்கள். டிசம்பரிலும் நம் ஊர்ப் புழுக்கம் இருக்கும், கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது.

தோட்டத்தை விட்டு வந்து பாலம் தாண்டி எதிர்ச்சந்தில் நுழைந்தால் பீட்டர் தேவாலயம். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பில்கிரிம் கூட்டத்தார் 1609 முதல் 1620 வரை இந்த ஊரில்தான் இருந்தார்கள். அவர்களுடைய போதகர் ஜான் ராபின்சன் இங்கே அடக்கமாகியிருக்கிறார். கோயிலுக்கு எதிரே ஒரு சின்னக் கதவு, உள்ளே ஒரு ஹோஃபியெ. நடுவில் முற்றம், சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள். வசதியானவர்கள் வயதானவர்களுக்காகக் கட்டிவைத்தவை, ஊரில் இப்படி முப்பதுக்கு மேல் உண்டு. கதவு திறந்திருந்தால் போகலாம். ஆனால் அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், காட்சிப்பொருள் அல்ல. மெதுவாகப் பேசுங்கள், ஜன்னல் வழியே படம் எடுக்காதீர்கள், கூட்டமாக நுழையாதீர்கள். இந்த மரியாதை தவறித்தான் சில கதவுகள் பூட்டியே கிடக்கின்றன.

அடுத்து பிரேஸ்ட்ராட் தெரு, நகர மன்றம், கூரை போட்ட கோர்ன் பாலம், அதைத் தாண்டி புர்க்ட். இது பழைய ரைனும் புதிய ரைனும் சேரும் இடத்தில் மனிதர் எழுப்பிய மண்மேட்டின் மேல் ஒரு வட்டக் கோட்டைச் சுவர். அனுமதி இலவசம். சமதளமான நாட்டில் இவ்வளவு உயரமே பெரிய உயரம், ஊர் முழுக்கத் தெரியும். ஹார்லெமர்ஸ்ட்ராட் கடைத்தெரு வழியாக ஸ்டேஷனுக்குத் திரும்பினால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். நடுவே சுவர்களில் எழுதிய கவிதைகள் கண்ணில் படும். 1992-இல் தொடங்கி நூற்றுக்கு மேல் ஆகிவிட்டன, ஒவ்வொன்றும் அதனதன் மொழியில், அதனதன் எழுத்தில். புர்ஹாவே அருங்காட்சியகச் சுவரில் ஐன்ஸ்டீனின் சமன்பாடும் உண்டு. அவர் இங்கே வருகைப் பேராசிரியராக இருந்தவர். காமர்லிங் ஒன்னஸ் என்ற இயற்பியலாளர் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கியதும், 1911-இல் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்தலைக் கண்டதும் இந்த ஊரில்தான்.

செப்பேடு பார்க்க வருகிறவர்களுக்கு

தமிழ் வரலாறு படித்தவர்களுக்கு லைடன் என்றதும் ஆனைமங்கலம் செப்பேடுதான். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்த ஆணை. 21 ஏடுகள், சோழ முத்திரை கொண்ட வளையத்தில் கோத்தவை, எடை சுமார் 30 கிலோ. 5 ஏடுகள் சமஸ்கிருதம், 16 தமிழ். முதலாம் குலோத்துங்கன் காலத்து 3 சிறிய ஏடுகள் வேறு. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது, அந்த வழியில் வெளியேறி 1862-இல் லைடன் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன.

இவற்றைத் தேடித் தொல்பொருள் அருங்காட்சியகத்திலோ ஸ்டேஷன் அருகே இருக்கும் உலக அருங்காட்சியகத்திலோ டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கண்ணாடிப் பேழையில் எல்லாரும் பார்க்க வைத்த பொருள் அல்ல இது, நூலகத்தின் சிறப்புச் சேகரிப்பில் வைத்திருந்தது. நூலகம் ராப்பன்பர்கில் இல்லை, விட்டெ சிங்கல் கால்வாய்ப் பக்கம். இந்தியா திரும்பக் கேட்ட பொருள் என்பதால் இருப்பிடமே மாறியிருக்கலாம். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே நூலகத்துக்கு எழுதி, ஏடுகள் எங்கே இருக்கின்றன, பார்க்க இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். சும்மா போய் வாசலில் நின்று கேட்டால் நடக்காது.

சைக்கிள்

நடப்பவர்களுக்கு முதலில். செங்காவி நிறத் தார்ப்பாதை சைக்கிளுக்குரியது, அதில் நின்று படம் எடுக்காதீர்கள். பல பாதைகளில் இரு திசையிலும் வருவார்கள், கடக்கும்போது இரு பக்கமும் பாருங்கள். மணி அடித்தால் பதறி ஒதுங்காதீர்கள். நீங்கள் போகும் கோட்டிலேயே நடந்தால் அவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். பெரும்பாலான மோதல் கடைசி நொடியில் துள்ளி விலகுவதால் வருவது.

ஓட்ட ஆசைப்பட்டால் வாடகைக் கடையில் எடுங்கள். ஸ்டேஷனில் நிற்கும் நீல மஞ்சள் ஓவி சைக்கிள்கள் இந்த நாட்டுச் சந்தாதாரர்களுக்கு. கடையில் அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். எடுத்ததும் தெருவில் இறங்கிவிடாமல் கடை வாசலிலேயே பிரேக்கைப் பழகுங்கள். பெரும்பாலான டச்சு சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின்சக்கரம் பிடிக்கும். நம் ஊரில் சிக்னலில் நிற்கும்போது புறப்பட வசதியாகப் பெடலைப் பின்னால் சுழற்றி மேலே கொண்டுவந்து வைப்போம் அல்லவா, அது இங்கே நடக்காது. சுழற்றினால் வண்டி இறுகும். நிற்கப் போகும்போதே வலப்பெடல் மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். தவறினால் இறங்கிப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பெடலை முன்னுக்குச் சுழற்றி மேலே கொண்டுவர வேண்டும். ஓடும்போது பழக்கதோஷத்தில் பின்னுக்குச் சுழற்றினால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறிவிடுவார்.

வலப்புறம் ஓட்ட வேண்டும், திரும்பும் பக்கம் கை நீட்ட வேண்டும். சாலையில் வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். எந்தக் குறியும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதல் உரிமை. இருட்டியபின் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்தால் அபராதம், 2019 முதல் சட்டம்.

பின்சக்கர வளையப் பூட்டு மட்டும் போதாது. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சங்கிலியை முன்சக்கரம், சட்டம், ஏதாவது கம்பி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பாலத்தின் கம்பியில் கட்டுவதற்கு முன் தடைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள், நகராட்சி எடுத்துப் போய்விட்டால் மீட்கப் பணமும் ஒரு மத்தியானமும் செலவு. ஸ்டேஷன் காப்பகத்தில் முதல் 24 மணி நேரம் இலவசம், அதையே பயன்படுத்துங்கள்.

சாப்பாடு

சந்தையில் முதலில் சீஸ் கடைக்குப் போங்கள். லைடனின் சொந்தச் சீஸில் சீரகம் போட்டிருக்கும். ஆடை எடுத்த பாலில் செய்வதால் கொஞ்சம் கெட்டி. இளசு, முற்றியது இரண்டையும் ஒரு துண்டு கேட்டு ருசி பார்த்துவிட்டு வாங்கலாம், தப்பில்லை. தோலில் குறுக்கிட்ட இரு சாவி முத்திரை இருந்தால் பண்ணையில் செய்தது, சாவி ஊரின் சின்னம். 'ஒரு ஓன்ஸ்' என்றால் 100 கிராம், 'ஒரு பொண்ட்' என்றால் 500 கிராம். ஓன்ஸை ஆங்கில அவுன்ஸ் என்று நினைத்துக் கேட்டால் மூன்று மடங்குக்கு மேல் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஊருக்குக் கொண்டுபோவதென்றால் 'வாக்யூம்' என்று சொல்லுங்கள், காற்றை உறிஞ்சி அடைத்துத் தருவார்கள்.

ஹேரிங் மீன் வேகவைத்ததல்ல, உப்பில் பதப்படுத்தியது, பொடி வெங்காயத்தோடு வரும். பச்சையாகத் தின்ன மனம் வராதவர்களுக்கு மாவில் தோய்த்துப் பொரித்த கிபலிங் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சூப்பில்தான் ஏமாறுவார்கள். தக்காளி சூப்பின் அடியில் சின்ன இறைச்சி உருண்டை கிடக்கும், கடுகு சூப்பில் பன்றித் துண்டு மிதக்கும். 'ஸோண்டர் வ்லேஸ்' என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். பிட்டர்பாலன் உருண்டையில் வழக்கமாக மாட்டிறைச்சி. காஸ்சூஃப்ளே என்பது உள்ளே சீஸ் மட்டும். வயிறு நிறைய வேண்டுமென்றால் சுரினாம் நாட்டு உணவுக் கடையில் ரொட்டி கேளுங்கள். கோழியும் முட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உருளைக்கிழங்கும் காராமணியும் மசாலாவோடு வரும். இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள், ஒன்பதரைக்குப் பல அடுப்படிகள் அணைந்துவிடும். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, பாட்டில் வாங்க வேண்டாம். வாங்கினால் சின்னதற்கு 15 சென்ட், பெரியதற்கு 25 சென்ட் முன்பணம் சேர்ந்திருக்கும், காலி பாட்டிலைச் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது போகக் கூடாது, எப்போது போக வேண்டும்

அக்டோபர் 3 இந்த ஊரின் தீபாவளி. 1574-இல் ஸ்பானியர் முற்றுகை விலகிய நாள். கரையை உடைத்து வயல்களில் நீரைப் புகவிட்டு, அதன்மேல் படகோட்டி வந்த மீட்புப் படையினர் ஹேரிங்கும் வெள்ளை ரொட்டியும் கொண்டுவந்தார்கள். அதையே இன்றும் காலையில் கொடுக்கிறார்கள். தாக்குப்பிடித்த பரிசாகத்தான் மறு ஆண்டு பல்கலைக்கழகம் கிடைத்தது என்பது ஊர்க்கதை. அன்று ஞாயிறாக வந்தால் விழா மறுநாள். திருவிழா பார்க்க வேண்டுமானால் அதைவிட நல்ல நாள் இல்லை. அமைதியாக அருங்காட்சியகம் பார்க்க அதைவிட மோசமான நாளும் இல்லை. அறை மாதக்கணக்கில் முன்பே போய்விடும். ஆகஸ்டில் புது மாணவர் வரவேற்பு வாரமும் இரவெல்லாம் கூச்சல். மார்ச் பாதி முதல் மே பாதி வரை கியூக்கன்ஹோஃப் மலர்த்தோட்டத்துக்கு லைடனிலிருந்தே பஸ் ஓடும். அதனால் ஸ்டேஷன் வாசலில் காலை ஒன்பதரைக்கே வரிசை நீண்டுவிடும், எட்டு மணிக்குள் போங்கள்.

குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். ஜூனில் இரவு பத்துக்குத்தான் இருட்டும், டிசம்பரில் நாலரைக்கே விளக்குப் போடுவார்கள், அன்றைய நடையைக் காலையிலேயே தொடங்குங்கள்.

இரவு நேரமாகிவிட்டால் கவலை வேண்டாம். ஹேக், ஸ்கிபோல், ஆம்ஸ்டர்டாம் பக்கம் நடு இரவிலும் மணிக்கு ஒரு ரயில் உண்டு. ஒரு நிமிடம் தவறவிட்டால் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும் என்பதுதான் சங்கடம். வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். விடியற்காலை விமானம் பிடிக்கிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே ரயில்வே ஆப்பில் அந்த நேரத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.